வளைந்து பூட்டும் டைட்டானியம்

டைட்டானியம் மடக்குக் கத்தி என்ற பெயரைக் கேட்டதும் அலகும் டைட்டானியம்தான் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் வெட்டும் அலகு எஃகு. பிடி மட்டுமே டைட்டானியம். கத்திக்குப் பயன்படும் டைட்டானியக் கலவையின் கடினம் ராக்வெல் சி அளவுகோலில் 36ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. நல்ல கத்தி எஃகோ, முறையாகத் தோய்ச்சல் வைத்தால் 60ஐத் தொடும். டைட்டானியத்தில் கூர் வைத்தால் நாலு அட்டைப்பெட்டி அறுப்பதற்குள் மழுங்கிவிடும். துருப்பிடிக்காது, காந்தத்துக்கு மசியாது என்பதால் கடலில் முக்குளிப்போரும் கண்ணிவெடி அகற்றுவோரும் டைட்டானிய அலகை விரும்புவதுண்டு. மற்றவர்களுக்கு அதனால் பயன் குறைவு.

ஆக, இந்தக் கத்தியில் டைட்டானியத்துக்கு வேறு வேலை இருக்கிறது. அலகைத் தாங்குவதும், விரிந்த அலகு விரல்மேல் மடங்கிவிடாமல் பூட்டிப் பிடிப்பதும்தான் அந்த வேலை. சட்டைப்பையிலோ கால்சட்டைப்பையிலோ அடங்குகிற, இரண்டு டைட்டானியத் தகடுகளும் ஓர் எஃகு அலகும் சில திருகாணிகளும் மட்டுமே கொண்ட இந்தக் கருவியைப் பெரிய ஆலைகளைவிடச் சிறு பட்டறைகளே சிறப்பாகச் செய்து வந்திருக்கின்றன. ஒரு நேரத்தில் கொஞ்சமாகச் செய்து, ஒவ்வொன்றையும் கையால் பொருத்திப் பார்த்து அனுப்புகிற பட்டறைகள் அவை. அந்த வகைக்கெல்லாம் முன்மாதிரியாக நிற்பது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் போய்சி நகரில் உருவாகும் ‘செபென்ஸா’.

அதை உருவாக்கிய கிறிஸ் ரீவ் தென்னாப்பிரிக்கர். அச்சுகளும் கருவிகளும் செய்யும் ‘டூல் அண்ட் டை’ தொழில் பயின்றவர். 1975இல் டர்பனில் முதல் கத்தியைச் செய்தார். 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்காகத் தமிழர் கப்பலில் வந்து இறங்கிய அதே துறைமுக நகரம் அது. 1984இல் கத்தி செய்வதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டார்; 1989இல் குடும்பத்தோடு போய்சிக்குக் குடிபெயர்ந்தார். ஊர் மாறினாலும் பெயர்களில் ஜூலு மொழி தங்கிவிட்டது. செபென்ஸா என்றால் வேலை செய்தல். பின்னால் வந்த ‘இன்கோசி’ என்பதற்குத் தலைவன் என்று பொருள். சின்னஞ்சிறு கத்தி ஒன்றுக்கு ‘உம்ஃபான்’, அதாவது சிறுவன், என்று பெயர். செபென்ஸாவில் சவரக்கத்தியை நினைவூட்டும் அலகு வடிவம் ஒன்று உண்டு; அதன் பெயர் ‘இன்சிங்கோ’, ஜூலுவில் சவரக்கத்திதான். இவற்றில் செபென்ஸா என்ற பெயர்தான் பொருளோடு ஆழமாகப் பொருந்துகிறது. அலங்காரம் எதுவும் இல்லாத சாம்பல்நிறக் கத்தி அது. வேலைக்காகவே பிறந்தது என்று பார்த்தவுடன் தெரியும்.

டைட்டானியம் அரிய உலோகமல்ல. பூமியின் மேலோட்டில் தாராளமாக இருக்கிறது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் உள்ள இல்மனைட், டைட்டானியத்தின் தாதுதான். 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் இதேபோன்ற கரிய ஆற்றுமணலில்தான் புதிய தனிமம் ஒன்று இருப்பதைக் கண்டார். 1795இல் ஜெர்மன் வேதியியலாளர் கிளாப்ராத் கிரேக்கத் தொன்மக்கதையின் டைட்டன்களை நினைத்து அதற்குப் பெயரிட்டார். மணலிலிருந்து உலோகத்தைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. ஆக்சிஜனை டைட்டானியம் அவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். கரியைப் போட்டு இரும்பை உருக்குவது போல இதை உருக்க முடியாது. தாதுவைக் குளோரினோடு சேர்த்து டெட்ராகுளோரைடு ஆக்கி, பிறகு காற்று புகாத கலத்தில் மக்னீசியத்தால் வினைபுரியச் செய்து, பஞ்சுபோலப் பொத்தல் விழுந்த உலோகமாக எடுக்கிறார்கள். லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த முறை அது. கேரளத்தின் சவறையில் 2011இல் தொடங்கிய ஆலை இந்த முறையில்தான் விண்வெளித் துறைக்கான டைட்டானியப் பஞ்சைச் செய்கிறது. மணல் மலிவாக இருந்தும் உலோகத்தின் விலை ஏறுவதற்கு இதுவே காரணம்.

கத்திப் பிடிக்கு எடுக்கப்படுவது தூய டைட்டானியம் அல்ல. 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கலந்த, ‘கிரேடு 5’ எனப்படும் கலவை. விமானப் பாகங்களிலும் எலும்பு அறுவைச் சிகிச்சையில் வைக்கும் உள்வைப்புகளிலும் இதே கலவை உண்டு. எடையில் எஃகில் ஐந்தில் மூன்று பங்குகூட வராது. வியர்வையோ உப்புக்காற்றோ அதை ஒன்றும் செய்யாது. இவையெல்லாம் விளம்பரங்களில் வரும் குணங்கள். கத்திக்குள் வேலை செய்கிற முக்கியமான குணத்தை விளம்பரங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை: டைட்டானியம் வில்லைப் போல வளையும், விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஒரே தடிமனுள்ள எஃகுத் தகட்டையும் டைட்டானியத் தகட்டையும் ஒரே விசையில் வளைத்தால் டைட்டானியம் ஏறத்தாழ இருமடங்கு வளைந்துகொடுக்கும். ஆனால் எளிதில் வளைந்த நிலையிலேயே நின்றுவிடாது. சாதாரண மென்எஃகுத் தகடு கோணிப்போகிற அளவைப் போல ஐந்தாறு மடங்கு வளைத்த பிறகும் கிரேடு 5 தகடு நேராகிவிடும். வில்சுருள் செய்கிற எஃகுக்கும் இந்தக் குணம் உண்டுதான். ஆனால் அது கனம், துருவும் பிடிக்கும். பிடியாகவும் வில்லாகவும் ஒரே துண்டு இருக்கவேண்டும் என்றால் டைட்டானியத்துக்கு ஈடு சொல்வது கடினம்.

கிறிஸ் ரீவ் செய்தது இந்தக் குணத்தை நேராகப் பயன்படுத்திக்கொண்டதுதான். அவருக்கு முன் 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கைவினைஞர், பிடிக்குள் இருக்கும் மெல்லிய உள்தகட்டையே வில்லாக்கி அலகைப் பூட்டும் ‘லைனர்லாக்’ அமைப்பைச் செம்மைப்படுத்தியிருந்தார். அந்த எண்ணத்தின் வேர் இன்னும் பழையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அப்படி ஒரு பூட்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருக்கிறது. ரீவ் மெல்லிய உள்தகட்டை எடுத்துவிட்டார். பிடித் தகட்டிலேயே நீளவாக்கில் ஒரு வெட்டு வெட்டி, பட்டை போலப் பிரிந்து நிற்கும் பகுதியைப் பூட்டாக்கினார். மூன்று நான்கு மில்லிமீட்டர் தடித்த தகட்டில், பட்டையின் அடிப்பகுதியை மட்டும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டராக மெலியச் செதுக்கினால் அந்த இடம் வில்லாகிவிடும். அலகு விரிந்ததும் பட்டை உள்ளே தாவி அலகின் பின்முனைக்கு முட்டுக்கொடுக்கும். மூட வேண்டுமானால் பட்டையைக் கட்டைவிரலால் ஓரமாகத் தள்ளவேண்டும். இன்று ‘ஃபிரேம்லாக்’ என்ற பொதுப்பெயரில் உலகம் முழுவதும் செய்யப்படும் பூட்டு இதுதான். கத்தியைக் கை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறதோ, அந்த விரல்களே பட்டையை உள்நோக்கி அழுத்துகின்றன. பிடி இறுக இறுகப் பூட்டும் இறுகுகிறது. வேறு எந்த மடக்குக் கத்திப் பூட்டிலும் இவ்வளவு குறைந்த பாகங்களில் இந்த நன்மை கிடைப்பதில்லை.

பட்டையின் முனை அலகில் முட்டும் இடம் சரிவாக, ஏழெட்டுப் பாகை சாய்ந்திருக்கும். சரிவு கூடினால் பூட்டு வழுக்கும். குறைந்தால் ஆப்பு அறைந்தது போல இறுகிக்கொண்டு திறக்க மறுக்கும். இங்கே டைட்டானியத்தின் ஒரு கெட்ட குணமும் தலைகாட்டுகிறது. எஃகோடு அழுந்தி உரசும்போது டைட்டானியம் ஒட்டிக்கொள்ளும். புதுக் கத்தியை மூடும்போது ‘சிக்’கென்று பிசுபிசுத்து விடுபடுகிற உணர்வு அதனால் வருவது. சிலர் பட்டையின் முனையைக் கடினப்படுத்துகிறார்கள், சிலர் அங்கே சிறு எஃகுத் துண்டு பதிக்கிறார்கள். செபென்ஸாவின் பிந்தைய பதிப்புகளில் சிறிய செராமிக் உருண்டை ஒன்று பட்டையின் முனையில் பதிக்கப்பட்டது. அலகில் முட்டுவது உருண்டை. அலகு மடங்கியிருக்கும்போது ஒரு சிறு குழியில் அமர்ந்து, பைக்குள் தானாகத் திறந்துவிடாமல் பிடிப்பதும் அதே உருண்டை. பட்டையை வெளிப்பக்கம் அளவுக்கு மீறித் தள்ளி வில்லைக் கெடுத்துவிடும் அபாயத்துக்கு ஒஹையோ மாநிலத்தின் ரிக் ஹிண்டரர் வட்டமான தடுப்பு ஒன்றை அமைத்தார். முன்பு தீயணைப்பு வீரராக இருந்தவர் அவர்; கையுறை போட்ட கைகள் கத்தியை என்ன பாடுபடுத்தும் என்பது தெரிந்தவர்.

பூட்டைவிடக் கவனிக்க வேண்டிய இடம் அலகு சுழலும் அச்சு. பெரும்பாலான மடக்குக் கத்திகளில் அச்சுத் திருகாணியை இறுக்கினால் அலகு நகர மறுக்கும், தளர்த்தினால் பக்கவாட்டில் ஆடும். நடுவில் ஒரு புள்ளியைத் தேடித் திருகாணியை அங்கே நிறுத்தவேண்டும். நாலு நாளில் அது மறுபடி தளர்ந்துவிடும். பழைய செபென்ஸாவிலும் அதன் ‘21’ பதிப்பிலும் இந்தத் தொல்லையை வேரோடு எடுக்க ஒரு வழி செய்திருந்தார்கள். அலகின் துளைக்குள் உருளைவடிவ எஃகுப் புஷ் ஒன்று செல்கிறது. அலகின் இருபுறமும் பாஸ்பர் வெண்கல வாஷர். திருகாணியை முடிந்தவரை இறுக்கினால் பிடித் தகடுகள் இரண்டும் புஷ்ஷின் இரு முனைகளில் மோதி நின்றுவிடும்; அதற்குமேல் அலகை நசுக்க முடியாது. அலகு எவ்வளவு இலகுவாகச் சுழலும் என்பதைப் புஷ்ஷின் நீளமே தீர்மானிக்கிறது. அலகின் தடிமனையும் இரு வாஷர்களின் தடிமனையும் கூட்டினால் வரும் அளவைவிடப் புஷ் மிக மிக நுண்ணிய அளவு நீளமாக இருந்தாக வேண்டும். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினாலே விரல் ஆட்டத்தை உணர்ந்துவிடும். குறைந்தால் அலகு இறுகிவிடும். ஒரு தலைமயிர் அதைவிட இரண்டு மூன்று மடங்கு பருமன்.

இந்தக் கத்திக்கு ஏன் இத்தனை விலை என்று கேட்பவருக்கு உண்மையான விடை இந்தச் சிறு புஷ்ஷில்தான் இருக்கிறது. டைட்டானியத்தின் விலையோ எஃகின் விலையோ அதன் அருகில்கூட வராது. நூறு அலகுகளும் ஒரே தடிமனில், தகடுகள் இரண்டும் தட்டையாக, துளைகள் நேராக இருந்தால் மட்டுமே இந்த அமைப்பு வேலை செய்யும்.

அலகின் எஃகு காலந்தோறும் மாறிவந்திருக்கிறது. தொடக்கத்தில் ஜப்பானின் ஏடிஎஸ்-34, பிறகு பிஜி-42. 2001இல் நியூயார்க் மாநிலத்தின் குரூசிபிள் ஆலை, கத்திக்கென்றே சிபிஎம் எஸ்30வி என்ற எஃகை வெளியிட்டது. ஆலையின் டிக் பார்பர் அதை வடிவமைத்தபோது கிறிஸ் ரீவ் உள்ளிட்ட கத்திக் கலைஞர்களின் யோசனையையும் கேட்டார். உருகிய எஃகைத் துளித்துளியாகப் பொடியாக்கி, அந்தப் பொடியை வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கிக் கட்டியாக்குவது இதன் முறை. அதனால் எஃகுக்குள் கார்பைடு மணிகள் பெரிதாகத் திரளாமல் நுண்மையாகப் பரவியிருக்கும். கூர் நெடுநாள் நிற்கும். எஸ்35விஎன், எஸ்45விஎன் எனத் தொடர்ந்த வரிசைக்குப் பின் 2021இல் உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்த ‘மேக்னாகட்’ வந்தது. துருவைத் தடுக்கச் சேர்க்கும் குரோமியம் வழக்கமாகக் கார்பனோடு சேர்ந்து பெரிய மணிகளாகித் திரண்டு எஃகை நொறுங்க வைக்கும். அந்த மணிகளே உருவாகாதபடி கலவையின் அளவுகளைத் தேர்ந்தது அவரது திறமை. துருப்பிடிக்காமை, உறுதி, கூர் நிற்றல் மூன்றும் ஓரளவு ஒன்றாகக் கிடைத்ததால் சிறு பட்டறைகள் பலவும் இதற்கு மாறிவிட்டன. செபென்ஸாவும் மாறியது.

கத்தி வாங்கியவரின் அனுபவம் பெட்டியைத் திறக்கும்போது தொடங்குகிறது. செபென்ஸாவோடு ஒரு சிறு அட்டை வரும். ‘பிறப்பு அட்டை’ என்று அதற்குப் பெயர். கத்தி பட்டறையில் முடிந்த தேதி அதில் இருக்கும். கூடவே ஆலன் கீ, துடைக்கும் துணி. கத்தியைக் கழற்றுவதற்கான சாவியைச் செய்தவரே பெட்டியில் வைத்துத் தருவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். திருகாணியைத் தொட்டாலே உத்தரவாதம் போய்விடும் என்று எச்சரிக்கும் வழக்கம் பரவலாக உள்ள சந்தையில் அது பெரிய விஷயம். கழற்றினாலும் பட்டறையின் உத்தரவாதம் போவதில்லை.

முதல் நாள் பெரும்பாலும் ஏமாற்றம்தான். அலகு விரைந்து திறக்காது. விரலால் தட்டியதும் பட்டென்று விரியும் பால்-பேரிங் கத்திகளுக்குப் பழகியவருக்கு, கிரீஸ் தடவிய வெண்கல வாஷர்மேல் நிதானமாக நகரும் அலகு மந்தமாகத் தோன்றும். அதைவிட ஒரு சிக்கல் உண்டு. வலக்கையில் பிடித்துக் கட்டைவிரலால் அலகின் குமிழைத் தள்ளும்போது மற்ற விரல்கள் தம்மையறியாமல் பூட்டுப் பட்டையை அழுத்திக்கொண்டிருக்கும். பட்டை அலகை நெருக்கும். உருண்டை குழியிலிருந்து வெளிவராது. எவ்வளவு தள்ளினாலும் கத்தி திறக்காது. கத்தியில்தான் பழுது என்று முடிவு கட்டித் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. விரல்நுனிகளைப் பட்டையிலிருந்து சற்று விலக்கி, தகட்டின் ஓரத்தில் பிடித்துத் தள்ளினால் அலகு வழுக்கிக்கொண்டு வரும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும். பிறகு கை தானே செய்துகொள்ளும்.

பழகப் பழக வாஷர்களின் பரப்பு வழவழப்பாகிறது. இரண்டு மூன்று மாதத்தில் அலகின் நகர்வில் வேறொரு குணம் வருகிறது; அது உரிமையாளர்களுக்கெல்லாம் பிடித்துப்போகிறது. எண்ணெய்க்குள் இழுப்பது போல ஒரே சீரான தடை, முடிவில் பூட்டு விழும்போது கனத்த, அடங்கிய ஓசை. இரும்புப் பெட்டகத்தின் கதவு சாத்துகிற ஓசை என்று சொல்வார்கள். அந்த ஒப்புமை மிகையல்ல. விரிந்த அலகைப் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பார்த்தால் ஒரே இரும்புத் துண்டைப் பிடித்தது போல இருக்கும்.

சிறிய செபென்ஸாவின் அலகு சுமார் 3 அங்குலம், எடை சுமார் 85 கிராம். பெரியதற்கு அலகு சுமார் 3.6 அங்குலம், எடை 135 கிராமை ஒட்டி வரும். எளிய துணிக் கால்சட்டை அணிபவருக்குப் பெரியது கனம். பையின் ஓரத்தை இழுத்துத் தொங்கும். நகர வாழ்வில் கடிதம், பொட்டலம், பழம், கயிறு என்று வெட்டுபவருக்குச் சின்னதே போதும். டைட்டானியம் வெப்பத்தை மெல்லக் கடத்துவதால், குளிர்காலத்திலும் எஃகுப் பிடியைப் போலக் கையைச் சில்லிட வைக்காது.

பிடியின் தோற்றம் வேகமாக மாறும். நுண்மணி வீசிச் சொரசொரப்பாக்கிய சாம்பல் பரப்பில், சாவிக்கொத்தோ நாணயமோ பட்ட இடமெல்லாம் பளபளப்பான கோடு விழும். நத்தை ஊர்ந்த தடம் என்று உரிமையாளர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் கோட்டைப் பார்த்து மனம் வருந்தாதவர் குறைவு. ஆனால் கோடுகள் பெருகப் பெருக ஒன்றோடொன்று கலந்து, ஓராண்டில் பிடி முழுவதும் மென்மையான மங்கிய ஒளி பெறும். புதுக் கத்தியைவிட அந்தப் பழகிய பிடியே அழகு. நிறம் வேண்டுபவருக்கு வேறு வழி உண்டு. டைட்டானியத்தை மின்பகு கரைசலில் தோய்த்து மின்னழுத்தம் கொடுத்தால் மேலே மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் வளரும். சுமார் 30 வோல்ட்டில் நீலம், 60ஐ ஒட்டிப் பொன்மஞ்சள், 100ஐ நெருங்கினால் பச்சை. சாயம் எதுவும் இல்லை. மழைநாளில் சாலையில் சிந்திய பெட்ரோல் நிறம் காட்டுகிற அதே ஒளி வித்தைதான். விரலின் எண்ணெய் பட்டதும் நீலம் மங்கிப் பழுப்பாகத் தெரியும், ஸ்பிரிட்டால் துடைத்தால் மறுபடி நீலம்.

வெட்டுவதில் இந்தக் கத்தியின் திறன் அலகின் குறுக்குவெட்டு வடிவத்திலிருந்து வருகிறது. முதுகு 3 மில்லிமீட்டர் தடிமன். அங்கிருந்து இருபுறமும் உள்வளைவாகக் குடைந்து வாய்ப்பக்கம் மெலியவிட்டிருப்பார்கள். அட்டைப்பெட்டி, நாடா, கயிறு, தோல் இவற்றில் அலகு தடையில்லாமல் இறங்கும். முழு ஆப்பிளை இரண்டாக்கும்போது மட்டும், மெல்லிய பகுதி உள்ளே போனபின் முதுகின் தடிமன் முட்டி, கடைசி அரை அங்குலம் அறுபடாமல் பிளந்துகொள்ளும். சமையலறைக் கத்திக்கு இது மாற்றல்ல. பிடித் தகடுகளின் இடைவெளியில் பழச்சாறு இறங்கினால் கழுவுவதும் தொல்லை.

கழற்றிச் சுத்தம் செய்வது அந்தத் தொல்லைக்கு மருந்து. பலருக்கு அதுவே இந்தக் கத்தியை வைத்திருப்பதன் இன்பமும்கூட. வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொண்டு, திருகாணிகளை ஆலன் கீயால் திருகி எடுத்தால் மேல் தகடு தனியே வரும். ஐந்து நிமிடத்தில் இரண்டு தகடு, ஓர் அலகு, இரண்டு வாஷர், புஷ் உள்ள பதிப்பானால் ஒரு புஷ், சில திருகாணி என்று கத்தி முழுவதும் துணியில் கிடக்கும். வாஷரில் கறுத்த கிரீஸ் அப்பியிருக்கும். நூல்துணியால் துடைத்து, குண்டூசித்தலை அளவு புதுக் கிரீஸை விரல்நுனியில் எடுத்து வாஷரின் இருபுறமும் தடவினால் போதும். அதிகமானால் தூசி ஒட்டும். திரும்பப் பூட்டும்போது பிடித் தகடு புஷ்ஷின்மேல் சாய்வாக இறங்கினால் மாட்டிக்கொள்ளும். பலவந்தமாக அழுத்தாமல் நேராக்கி மெல்ல அமர்த்தவேண்டும். ஒரு பக்கம் முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், எல்லாத் திருகாணிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறி இறுக்குவது முறை.

கூர் தீட்டுவதற்குத் தெருவில் வரும் சாணைக்காரரிடம் இதைக் கொடுக்கக் கூடாது. வேகமாகச் சுழலும் கல்லின் சூட்டில் வாயின் நுனி சிவந்துவிட்டால் தோய்ச்சல் போய்விடும். அந்த இடத்தில் எஃகு மெத்தென்றாகி எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. வனேடியம் மிகுந்த எஃகுக்குச் சாதாரணக் கல் மெதுவாகவே கடிக்கும். வைரப்பொடி பதித்த கல்லில் இருபுறமும் ஒரே கோணத்தில் இழுத்து, விளிம்பில் எழும் பிசிறைத் தோலில் தடவி எடுப்பதே பாதுகாப்பு.

குறைகள் இல்லாமல் இல்லை. பையின் ஓரத்தில் மாட்டும் கிளிப் தாழ அமைந்திருப்பதால் கத்தியின் தலை பையிலிருந்து எட்டிப் பார்க்கும். இடக்கைக்காரர் வலக்கைப் பதிப்பை வாங்கினால் பூட்டு தவறான பக்கத்தில் இருக்கும். அவர்களுக்கென்று தனிப் பதிப்பு கேட்டு வாங்கவேண்டும். வீசித் திறப்பதற்கான கத்தியும் இது அல்ல. ஓங்கி வீசினால் அலகு நிறுத்தும் முளையில் மோதி மோதித் தேயும். விலையைப் பொறுத்தவரை, அமெரிக்காவிலேயே 400 டாலருக்கு மேல். அந்த விலையில் நல்ல எஃகு அலகுள்ள ஆலைத் தயாரிப்பு மடக்குக் கத்திகள் மூன்று நான்கு வாங்கலாம். அவையும் இதே அட்டைப்பெட்டியை இதே அளவு நன்றாக அறுக்கும். வெட்டுவதற்கு மட்டுமே கத்தி வேண்டுபவர் இவ்வளவு செலவழிக்கத் தேவையே இல்லை.

சிறு பட்டறையில் விலை ஏறுவதற்குத் தொழில் சார்ந்த காரணங்கள் உண்டு. டைட்டானியத்தை மில்லிங் இயந்திரத்தில் வேகமாகச் செதுக்க முடியாது. வெப்பம் உலோகத்தில் பரவாமல் வெட்டுக்கருவியின் நுனியிலேயே தேங்கும். நுனி சீக்கிரம் தேயும். மெல்லிய சீவல் தீப்பற்றவும் கூடும். அலகின் தட்டைத்தன்மையைச் சரிபார்ப்பது, புஷ்ஷைத் தேர்ந்து பொருத்துவது, பூட்டு விழும் இடத்தைக் கண்ணால் பார்த்துத் திருத்துவது எல்லாம் தேர்ந்த கைகளின் வேலை. தேவை கூடினால் ஆட்களைக் கூட்டி உற்பத்தியைப் பெருக்குவதும் சுலபமில்லை. அதனால் இத்தகைய கத்திகள் சில நிமிடங்களில் விற்றுத் தீர்வதும், காத்திருப்புப் பட்டியல் நீள்வதும், கைமாறும்போது மூல விலையைத் தாண்டுவதும் நடக்கிறது. வாங்கியதைப் பையில் போடாமல் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு விலை ஏறக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். வேலை செய்தல் என்று பெயர் பெற்ற கத்திக்கு அது நேரக்கூடாத கதி.

பெயர்பெற்ற கத்திகளுக்குப் போலியும் ஏராளம். அச்சு அசலாக அதே உருவம், அதே முத்திரை, சில சமயம் அதே பிறப்பு அட்டையோடுகூட வருகின்றன. பத்தில் ஒரு பங்கு விலைக்குப் ‘புத்தம் புது செபென்ஸா’ என்றால் ஐயம் வேண்டாம், போலிதான். படத்தைப் பார்த்து வேறுபாடு காண்பது கடினம். புஷ் உள்ள பதிப்பின் போலியைக் கையில் எடுத்தால், திருகாணியை முழுக்க இறுக்கியபின் அலகு அசையாமல் போவதும், தளர்த்தினால் ஆடுவதும் காட்டிக்கொடுக்கும். புஷ்ஷின் அந்த நுண்ணிய அளவைத்தான் நகல் எடுக்க முடிவதில்லை.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டுப் பயன்பாட்டுக்கும் வேளாண்மைக்குமான கருவிகளுக்கு விலக்கு உண்டு. சட்டைப்பைக் கத்தி அந்த அளவுக்கு வெகு கீழே. ஆனால் விமானத்தில் கைப்பையில் எந்த மடக்குக் கத்திக்கும் இடமில்லை. பதிவுசெய்து அனுப்பும் பெட்டியில் வைக்கவேண்டும். பிரிட்டனுக்குப் போவோர் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே 3 அங்குலம் வரை நீளமுள்ள, பூட்டாத மடக்குக் கத்தியையே தக்க காரணம் காட்டாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். விரிந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தி எவ்வளவு சிறியதானாலும் அந்த விலக்கில் வராது. செபென்ஸாவின் பெருமையான பூட்டே அங்கே அதற்குத் தடை.

பல ஆண்டுப் பயன்பாட்டில் தேய்வது இரண்டு இடம். தீட்டத் தீட்ட அலகு அகலத்தில் குறையும். உள்வளைவாகக் குடைந்த அலகில் மேலே போகப் போகத் தடிமன் கூடுவதால், அதே கூரை எட்டக் கூடுதலாகத் தீட்டவேண்டி வரும். மற்றொன்று பூட்டு. புதிதில் பட்டையின் முனை அலகின் பின்பகுதியில் ஏறக்குறையப் பாதி அகலத்துக்கு வந்து நிற்கும். உரசித் தேயத் தேய ஒவ்வோர் ஆண்டும் இம்மியளவு மறுபுறம் நோக்கி நகரும். செராமிக் உருண்டை வந்தபின் இந்த நகர்வு மிகவும் குறைந்துவிட்டது. பழைய கத்திகளில் பட்டை எதிர்த் தகட்டை நெருங்கிவிட்டால், கழற்றிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு கத்தியைப் பட்டறைக்கே அனுப்பவேண்டும். அங்கே கட்டணம் வாங்கிக்கொண்டு பிடிக்கு மறுபடி மணி வீசி, வாய் தீட்டி, பூட்டைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்புகிறார்கள். நத்தைத் தடங்களெல்லாம் போய், பிடி முதல் நாள் போலச் சாம்பல் நிறத்தில் வந்து சேரும். பழகிய ஒளியை இழக்க மனமில்லாதவர்கள், பிடியைத் தொடவேண்டாம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கத்தியோடு வைத்து அனுப்பலாம்.